கணினி படிக்காத வரி

என் அண்ணி பதினோரு வருடங்களாக நாள் முழுக்க உட்கார்ந்து செய்த வேலையைக் கணினி நாற்பத்தொரு விநாடியில் முடித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. தூக்கிவாரிப்போட்டது. அண்ணிக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். திரையில் ‘முடிந்தது’ என்று வந்த பிறகும் இரண்டு நிமிடம் நாற்காலியில் அசையாமல் இருந்தாள்.

“அவ்வளவுதானா?” என்றாள் என்னைப் பார்த்து, ஏதோ நான்தான் அவளை இத்தனை நாள் ஏமாற்றிவிட்டேன் என்பதுபோல.

நாங்கள் இருவரும் ஒரே ஸ்கேன் மையத்தில் வேலை பார்க்கிறோம். நான் முன்மேஜை. காலையில் வருகிறவர்களின் பெயர், வயது எழுதி, பதிவு எண் போட்டுச் சீட்டுக் கொடுப்பேன். மாலையில் அறிக்கையை அச்செடுத்துக் கையில் கொடுப்பேன். அண்ணி என் முதுகுக்குப் பின்னால், ஒரு கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம். ஸ்கேன் படங்களைப் பார்க்கிற டாக்டர் எழுதும் அறிக்கைகள் எல்லாம் அவள் கணினிக்கு வரும், ஆளுக்கு ஒரு கோப்பாக. ஒவ்வொன்றுக்கும் இருபது இலக்கத்தில் ஒரு பெயர் இருக்கும், அதைப் பெற்ற கணினிக்குத் தவிர வேறு யாருக்கும் விளங்காது. அண்ணி ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே பார்த்து, நோயாளியின் பெயர், வயது, எந்த ஸ்கேன் என்று கோப்புக்குப் பெயர் மாற்றி என் கணினிக்கு அனுப்புவாள். பதிவு எண்ணை வைத்தே தேடலாமே என்று கேட்பீர்கள். சீட்டைத் தொலைக்காமல் மாலை வரை வைத்திருக்கிற நோயாளியை நான் இன்னும் பார்க்கவில்லை. பெயரைச் சொன்னால் அறிக்கை வர வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு.

ஒரு நாளைக்கு நூற்றெண்பது, நூற்றுத்தொண்ணூறு கோப்புகள். திற, படி, மூடு, பெயர் மாற்று. அண்ணியின் வலது மணிக்கட்டு முதலில் வலித்தது, பிறகு வீங்கியது, பிறகு அதற்கு ஒரு பட்டை வந்தது. எலும்பு டாக்டர், “இந்த வேலையை விடுங்க, இல்ல இந்தக் கையை விடுங்க” என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். அண்ணி அன்று வீட்டுக்கு வந்து பாத்திரங்களை அடுக்கிய சத்தம் மேல்மாடியில் இருக்கும் எங்கள் வீடு வரை கேட்டது. வேலையை விடுகிற ஜாதி இல்லை அவள். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே, என் அண்ணன் ஒரு வாரமாகத் திறக்க முடியாமல் விட்டிருந்த பீரோவை ஹேர்பின்னால் திறந்து காட்டியவள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இன்று வரை அந்தப் பீரோ விஷயத்தை யாரும் அவன் எதிரில் பேசக்கூடாது.

அந்த வாரமே மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணி போனில் பாடம் பார்க்க ஆரம்பித்தாள். கணினிக்கு நாமே கட்டளை எழுதும் மொழியாம். ஸ்கிரிப்ட் என்று சொல்கிறார்கள். பெயர் பைத்தான்.

“பாம்புப் பேரு வச்சத வீட்டுக்குள்ள கொண்டுவராத” என்றான் அண்ணன்.

“ஏற்கெனவே ஒண்ணு சோபால படுத்துக் கெடக்கு. இது ஒண்ணுதான் கொறச்சல்” என்றாள் அண்ணி.

நாற்பத்தைந்து நிமிடச் சாப்பாட்டு இடைவேளையில் ஐந்து நிமிடம் சாப்பாடு, நாற்பது நிமிடம் பாடம். பதினோரு வருடங்களாக அந்த நேரம் என்னுடையது. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மேனேஜரில் தொடங்கி மாமியார் வரை எல்லோரையும் கிழித்துத் தொங்கவிடுவோம். இப்போது நான் பேசினால் காதில் செருகியிருந்ததைக் கழற்றி, “என்ன சொன்ன?” என்பாள். இரண்டாவது தடவை சொல்கிற வம்பில் என்ன சுவை இருக்கிறது?

ஆனால் நியாயமாகச் சொன்னால், அவள் எனக்கும் காட்டத்தான் செய்தாள். முதல் வாரம், ஒரு காலிக் கோப்புக்குப் பெயர் மாற்றும் இரண்டு வரி எழுதினாள். பெயர் மாறியது. என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். இரண்டாம் வாரம் ஒரு புள்ளி விட்டுப்போனதற்கு அரை நாள் தேடினாள். மூன்றாம் வாரம் ஒரு வரியைக் காட்டி, “இது மட்டும் கம்ப்யூட்டர் படிக்காது” என்றாள். வரிக்கு முன்னால் போன் பட்டனில் பூஜ்யத்துக்கு வலப்பக்கம் இருக்குமே, அந்தக் குறி.

“படிக்காத வரிய எதுக்கு எழுதணும்?”

“நமக்காக. எதுக்கு இப்படிச் செஞ்சோம்னு பின்னாடி பாக்கறவங்களுக்குத் தெரியணும்ல. தேதி போட்டு எழுதி வைக்கணுமாம்.”

“மெஷின் முதுகுக்குப் பின்னாடி பேசறதுன்னு சொல்லுங்க.”

அவள் சிரித்தாள். அந்த மாதத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அது ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

இங்கே ‘ரெட்டை’ பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் பெரிய ஊர். ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஒரே வயது, ஒரே ஸ்கேன் என்று இரண்டு பேர் ஒரே நாளில் வந்து நிற்பது மாதத்துக்கு ஒரு முறையாவது நடக்கும். பெயர் எழுதுகிறவள் நான்தான் என்பதால் முதலில் தெரிவது எனக்குத்தான். உடனே பின்னால் இருக்கும் ஜன்னலைத் தள்ளி, “அண்ணி, ரெட்டை!” என்று குரல் கொடுப்பேன். உள்ளேயிருந்து “அடையாளம்?” என்று கேட்பாள். “பதினெட்டு குடை, அம்பத்தாறு கண்ணாடி” என்பேன். கோப்பின் பெயரோடு ‘குடை’, ‘கண்ணாடி’ என்று சேர்த்துவிடுவாள். ஒரு தடவை நான் ‘வழுக்கை’ என்று சொல்லித் தொலைக்க, அந்தக் கோப்பு அப்படியே மின்னஞ்சலில் அவருக்குப் போய், அவர் போனில் கத்திய கத்தலில் மேனேஜருக்கே முடி கொட்டியிருக்கும். அதற்குப் பிறகு கையில் இருக்கும் பொருளை மட்டும்தான் சொல்வது. இந்த ஏற்பாட்டை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. எந்த நோட்டிலும் இல்லை. மையத்தில் எங்கள் இருவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

நாற்பத்தொரு விநாடி அதிசயம் நடந்த அன்று மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். கை தட்டினார்கள். “இனிமே அந்த ஜன்னல் வழியா கத்தற வேலையெல்லாம் இல்ல, எல்லாம் தானா நடக்கும்” என்றார் என்னைப் பார்த்து. எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் அதை வெளியில் காட்டவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அவள் கவனிக்கவில்லை, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

நான்காம் நாள் காலையில் இரண்டு அம்மாக்கள் வந்தார்கள். இருவரும் மார்பு ஸ்கேனுக்கு. ஒருவர் கையில் ஹெல்மெட், பதிவு எண் முப்பத்தொன்று. இன்னொருவர் செய்தித்தாளில் குறுக்கெழுத்துக் கட்டம் நிரப்பிக்கொண்டே வந்தவர், எழுபத்துநான்கு. ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஐம்பத்திரண்டு வயது. நான் எழுபத்துநான்கைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது ஹெல்மெட் அம்மாவும் எழுந்துவிட்டார். இருவரும் என் மேஜை முன்னால் முட்டிக்கொண்டு, விஷயம் புரிந்து, விழுந்து விழுந்து சிரித்தார்கள். “நமக்கு ஒரே ராசி போல” என்றார் ஒருவர். பிறகு பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவர் கேட்க ஒருவர் சொல்ல, கட்டத்தை முழுக்க நிரப்பி முடித்தார்கள்.

நான் ஜன்னலில் கை வைத்தேன். வாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

பிறகு கையை எடுத்துக்கொண்டேன். அதுதான் எல்லாம் தெரிந்த மெஷின் ஆயிற்றே, அதுவே பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். மறந்துபோனேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், ஆனால் அது பொய். நினைவோடுதான் சும்மா இருந்தேன்.

மாலை நாலேமுக்காலுக்கு ஹெல்மெட் அம்மா வந்தார். பெயரைத் தட்டினேன். ஒரே கோப்பு வந்தது. அச்செடுத்தேன். பெயர் சரி, வயது சரி. ‘குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை’ என்று இருந்தது. அவர் அதைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வயித்துல பால வார்த்தீங்கம்மா. நாளைக்குக் காலைல ஃபிளைட். பொண்ணு மாசமா இருக்கா. எட்டு மாசம் அங்கதான். இத மட்டும் முடிச்சிட்டுப் போகணும்னு வந்தேன்.”

“நல்லபடியா போயிட்டு வாங்கம்மா” என்றேன்.

அரைமணி கழித்துச் செய்தித்தாள் அம்மா வந்தார். பெயரைத் தட்டினேன். மறுபடி அதே ஒரே கோப்பு. அச்செடுத்த தாளின் மூலையில் சின்ன எழுத்தில் இருந்த பதிவு எண்ணைப் பார்த்தேன். எழுபத்துநான்கு. இது இவருடையது. அப்படியென்றால் முப்பத்தொன்றுக்கு நான் எதைக் கொடுத்தேன்? முப்பத்தொன்றின் அறிக்கை எங்கே?

ஜன்னலைத் திறந்தேன். தாளை நீட்டினேன்.

அண்ணி என் கையிலிருந்த தாளையும் என் முகத்தையும் பார்த்தாள். பிறகு அவளே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு தேடினாள். அன்று வந்தவை நூற்று எண்பத்தாறு. மாற்றியபின் இருந்தவை நூற்று எண்பத்தைந்து. டாக்டர் சில அறிக்கைகளைத் திருத்தி மறுபடி அனுப்புவார். அப்போது புதியது பழையதன் மேல் உட்கார வேண்டும் என்பதற்காக, அதே பெயர் இருந்தால் அதை அழித்துவிட்டு இதை வை என்று ஸ்கிரிப்டில் எழுதியிருந்தாள். எழுபத்துநான்கு வந்து முப்பத்தொன்றின் மேல் உட்கார்ந்துவிட்டது. சத்தமில்லாமல், ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல்.

டாக்டர் இன்னும் கிளம்பியிருக்கவில்லை. ஓடினோம். எண் சொன்னதுமே, “அந்தக் கட்டியா? உடனே ஊசி போட்டுப் பரிசோதிக்கணும்னு எழுதியிருந்தேனே. ஏன், என்ன ஆச்சு?” என்றார்.

அண்ணி நடந்ததைச் சொன்னாள். டாக்டர் படத்தை மறுபடி திறந்து, அறிக்கையை மறுபடி எழுதிக் கொடுத்தார். அந்த அம்மாவுக்குப் போன் போட்டோம். ஆறு தடவை. எடுக்கவில்லை. பதிவு நோட்டில் முகவரி இருந்தது.

“வண்டி எடு” என்றாள் அண்ணி.

பின்னால் உட்கார்ந்தவள் வழி முழுக்க அந்த அம்மாவுக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டுக்கொண்டே வந்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். ‘அண்ணி, எனக்குக் காலைலயே தெரியும்’ என்று நான்கே சொல். ஒவ்வொரு சிக்னலிலும் சொல்ல நினைத்தேன், ஒவ்வொரு சிக்னலிலும் பச்சை விழுந்தது.

கதவு திறந்துதான் இருந்தது. அந்த அம்மா கூடத்தின் நடுவில் எடைபார்க்கும் கருவி மேல் பெரிய பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“ஐயோ, சீட்ட விட்டுட்டு வந்துட்டேனா? வாங்க, வாங்க. இதுல எவ்வளவு காட்டுதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. குனிஞ்சா பெட்டி விழுந்துடும்.”

அண்ணி குனிந்து பார்த்து எண்ணைச் சொன்னாள். பிறகு பெட்டியை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகுதான் சொன்னாள்.

“உங்க பேர்லயே இன்னொருத்தங்க இருந்தாங்கல்லம்மா. அவங்க ரிப்போர்ட் உங்ககிட்ட வந்துடுச்சு. இதுதான் உங்களோடது. தப்பு என்னோடது. டாக்டர் நாளைக்குக் காலைல உங்கள வரச் சொல்லியிருக்கார்.”

அவர் தாளை வாங்கினார். படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். பேயறைந்ததுபோல என்று சொல்வார்களே, அந்த முகத்தை நான் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். மெதுவாகப் பெட்டி மேலேயே உட்கார்ந்தார்.

“பெட்டி சரியா இருபத்திமூணு கிலோ வந்துச்சு” என்றார் யாரிடமோ.

பிறகு நிமிர்ந்து கேட்டார்.

“அப்ப அந்தப் பேப்பர் படிச்சவங்களுக்கு ஒண்ணுமில்லையே?”

“இல்லம்மா.”

“சரி. அவங்களாவது நல்லா இருக்கட்டும்.”

நான் வாசலுக்கு வந்து செருப்பைத் தேடுவதுபோல நின்று அழுதேன்.

அவர் விமானம் ஏறவில்லை. ஊசிப் பரிசோதனையில் சந்தேகம் உறுதியானது. ஆரம்ப நிலைதான், அறுவைச் சிகிச்சை செய்து எடுத்துவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து வந்திருந்தால் பேச்சே வேறு என்று டாக்டர் சொன்னார். அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், எனக்குத்தான் அந்த வாக்கியம் தூக்கத்திலும் கேட்டது.

மேனேஜர் விசாரணை வைத்தார். “முன்மேஜையில யாரும் கவனிக்கலையா?” என்று என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள். “நூத்தி எண்பத்தாறு பேரு வராங்க சார். அவளுக்கு எப்படித் தெரியும்? நான் எழுதினதுல விட்டுப்போச்சு.”

மெமோ அவளுக்கு வந்தது. ஒரு மாதம் ஸ்கிரிப்ட் பக்கமே போகக்கூடாது என்று தடை. மேஜையில் கழற்றி வைத்த பட்டை மறுபடி மணிக்கட்டுக்கு ஏறியது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் திற, படி, மூடு, பெயர் மாற்று என்று சுட்டியின் சத்தம் ஒரு மாதம் முழுக்க என் முதுகில் விழுந்துகொண்டே இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததால் அவளுக்குத் தெரியாது என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். எவ்வளவு வசதியான நம்பிக்கை!

தடை நீங்கியதும் அண்ணி ஸ்கிரிப்டைத் திருத்தினாள். உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை என்று எண்ணிக் காட்டும். ஒரே பெயர் இரண்டு எண்ணோடு வந்தால் நின்றுவிடும். மேனேஜர் மூன்று நாள் சோதித்துவிட்டுச் சரி என்றார்.

போன வாரம் அண்ணிக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கினார்கள். இரண்டு நாள் லீவு. “நாலு மணிக்கு என் கம்ப்யூட்டர்ல அதத் தட்டு, தானா ஓடும்” என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். முதல் நாள் ஓடியது. இரண்டாம் நாள் பாதியில் நின்றது. ‘ஒரே பெயர். கேட்டுவிட்டுத் தொடரவும்’ என்று திரையில் வந்தது. காலையிலேயே எனக்குத் தெரியும், இன்று ரெட்டை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லாததால் சொல்லவில்லை.

போன் போட்டேன். வீங்கிய கன்னத்தோடு அண்ணி குழறினாள். “ஃபைலத் தெற. கீழ வா. அடையாளம் எழுத ஒரு எடம் விட்டிருக்கேன் பாரு.”

திறந்தேன். ஆங்கில வரிகள் எனக்குப் புரியவில்லை. நடுவில் தமிழில் ஒரு வரி இருந்தது, முன்னால் அந்தக் குறியோடு. கணினி படிக்காத வரி. தேதி போட்டிருந்தது. அந்த இரண்டு அம்மாக்கள் வருவதற்குப் பன்னிரண்டு நாள் முந்தைய தேதி.

‘ஒரே பேர்ல ரெண்டு பேர் வந்தா இங்க ஒண்ணும் எழுத வேண்டாம். அவ காலைலயே ஜன்னலத் தெறந்து சொல்லிடுவா. அந்த ரெண்ட மட்டும் கையால மாத்திக்கலாம். பதினோரு வருஷத்துல அவ ஒரு நாள்கூட விட்டதில்ல.’

அவள் மறக்கவில்லை. விட்டுப்போகவும் இல்லை. மேனேஜர் கத்தியபோதும், மெமோவில் கையெழுத்துப் போட்டபோதும், பட்டையை மறுபடி கட்டிக்கொண்டபோதும் இந்த வரி இங்கேதான் இருந்திருக்கிறது. திறந்து காட்டியிருந்தால் மெமோ எனக்கு வந்திருக்கும்.

“என்ன, சத்தத்தையே காணோம்?” என்றாள் அண்ணி போனில்.

“அண்ணி, அந்த வரியப் பாத்தேன்.”

“ம்” என்றாள்.

“எனக்கு அன்னிக்குக் காலைலயே தெரியும் அண்ணி. ரெண்டு பேரும் என் முன்னாடிதான் நின்னாங்க. வேணும்னுதான் சொல்லல.”

“தெரியும்” என்றாள். “ஜன்னல் ஒரு விரல் நகந்து நின்னுச்சு. நான் பாத்தேன். ஏதோ சொல்ல வந்து விட்டுட்டயேன்னு நெனச்சேன். நானும் எழுந்து வந்து கேக்கல.”

“அப்ப இத ஏன் இன்னும் அழிக்காம வச்சிருக்கீங்க?”

“எதுக்கு அழிக்கணும்? நாளைக்கும் நீதான சொல்லணும்?” என்றாள். பேசப் பேச வலித்திருக்க வேண்டும், மூச்சை இழுத்துக்கொண்டாள். “சரி, அழுதது போதும். வெளிய ஆளுங்க காத்திட்டிருப்பாங்க. அடையாளம்?”

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஜன்னல் வழியாக வெளியே உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் பார்த்தேன்.

“பன்னெண்டு தண்ணி பாட்டில், தொண்ணூறு ஊன்றுகோல்” என்றேன்.